விதானையார் என்னைப் பொலிசில் ஒப்படைத்த நாள்

நான் வேலை செய்த வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவில், இனி வாடிக்கையாளரின் அழைப்பை முதலில் எடுக்கப்போவது மனிதர் அல்லவாம். பதிவு செய்து வைத்த குரல் ஒன்று என்ன விடயம் என்று கேட்டு, அதற்கேற்ப அழைப்பைப் பிரித்து அனுப்பும். அங்கே இப்போது இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இது பிடித்திருக்கிறது, பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களில் ஒருத்தி என்னை அழைத்து, அந்தக் காலத்தில் நீங்கள் தொலைபேசியில் என்னதான் செய்தீர்கள், எழுதித் தாருங்கள் என்றாள். நொர்வேஜிய மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் அடங்காமல் நின்றதைத் தமிழில் எழுதுகிறேன்.

நான் வங்கிக்கு வந்தது மீன் வெட்டும் மேசையிலிருந்து. எண்பதுகளில் கணவரோடு, இந்த நாட்டின் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்டுக்குப் போய், அங்கிருந்த தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி மீனின் முள்ளையும் சதையையும் பிரித்தேன். எனக்கு இந்த நாட்டின் மொழியைக் கற்றுத் தந்தவர்கள் என் இரு பக்கமும் கத்தியோடு நின்ற பெண்கள். அதனால் எனக்கு வாய்த்தது வட முனையின் நொர்வேஜியம். ஒஸ்லோவில் "நான்" என்பதற்கு "யாய்" என்பார்கள். எனக்கு இன்றைக்கும் வாயில் வருவது ஆவன்னாவுக்கும் ஏயன்னாவுக்கும் நடுவில் நிற்கும் ஒற்றை ஒலிதான். பிறகு ஒஸ்லோ, மாலை வகுப்பில் கணக்கியல், நகரின் கிழக்குப் பக்கக் கிளை ஒன்றில் காசாளர் வேலை. மக்கள் கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் செய்யத் தொடங்கியதும் கிளைகள் ஒவ்வொன்றாக மூடின. எங்கள் கிளை மூடியபோது என்னை மோசடித் தடுப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று சொல்ல அதிகம் இல்லை. கணினித் திரையை எப்படிப் பார்ப்பது என்று காட்டினார்கள். மற்றதெல்லாம் பெரித்திடம் படித்தது.

பெரித் அந்தப் பிரிவின் தலைவி. உயரமான, மெலிந்த பெண்மணி. கோடையிலும் கம்பளிச் சட்டைதான். தனக்கென்று ஓர் அறை இருந்தும் அதில் அவர் இருந்து நான் கண்டதில்லை. யாராவது கடினமான அழைப்பில் இருந்தால், அவருடைய நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்னால் வந்து நிற்பார். ஒலிவாங்கியைப் பிடுங்க மாட்டார், காதில் கிசுகிசுக்க மாட்டார். அந்தக் கை அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வேலை இப்படி நடக்கும். ஒருவருடைய கணக்கில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் திரையில் மஞ்சள் கோடு விழும். பல காலம் தொடாத சேமிப்பு திடீரென்று அசையும். முன்பின் காணாத பெயருக்குப் பணம் கிளம்பும். அதை நடுவழியில் நிறுத்திவிட்டு வாடிக்கையாளரை அழைப்போம். எங்கள் பெயரையும் வங்கியையும் சொன்ன பிறகு அடுத்த வசனம் எப்போதும் ஒன்றுதான். நான் உங்களிடம் எந்த இலக்கமும் கேட்க மாட்டேன், என்னை நீங்கள் நம்பவும் வேண்டாம், தொலைபேசியை வைத்துவிட்டு உங்கள் வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். என்னை நம்ப வேண்டாம் என்று சொல்லித் தொடங்குகிற தொழில் வேறு எங்கே இருக்கிறது என்று நான் ஒருமுறை பெரித்திடம் கேட்டேன். அவர் சிரிக்காமல், மருத்துவர்களும் அப்படித் தொடங்கலாம் என்றார்.

இன்னொரு முறை உண்டு. நாங்கள் அழைக்கும் முதியவரின் மறு காதில் திருடன் இருக்கக்கூடும். அதனால் ஓம், இல்லை என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளைக் கேட்க வேண்டும். யாரும் உங்களோடு வேறு தொலைபேசியில் இருக்கிறார்களா? அவர் இப்போது நாம் கதைப்பதைக் கேட்கிறாரா? யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொன்னாரா? கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பேசாமல் இருப்பதுதான் வராது. அவசரம் திருடனுடையது, அதை ஏன் நீங்கள் வாங்கித் தலையில் வைக்கிறீர்கள் என்று பெரித் கேட்பார். "ஏமாந்துவிட்டீர்கள்" என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்ல முடியாது. "உங்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். செய்தவன் யார் என்பது வசனத்திலேயே தெரிய வேண்டும் என்பது அவருடைய கட்சி.

நான் அங்கே சேர்ந்த புதிதில் ஓசே என்ற நொர்வேஜிய மூதாட்டியின் கணக்கில் மஞ்சள் கோடு விழுந்தது. கணவரை இழந்து தனியாக வாழ்ந்தவர். நான் அழைத்தபோது, கொஞ்சம் பொறுங்கள், வங்கி என்னுடைய மற்றத் தொலைபேசியில் இருக்கிறது என்றார். வீட்டுத் தொலைபேசி ஒரு காதில், கைத்தொலைபேசி மறு காதில். அந்தப் பக்கத்து "வங்கி" அவரிடம், கணக்கைத் திறக்கும் குறியீடுகளை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றை அவர் ஏற்கெனவே வாசித்தும் இருந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். இரண்டு பேரும் வங்கி என்கிறீர்கள், நான் யாருடைய பேச்சைக் கேட்பது என்று நியாயமாகக் கேட்டார். இரண்டையும் வையுங்கள் என்றேன். அவர் வைக்கவில்லை. நீ எந்த ஊர் என்றார். இலங்கை, பிறகு பாட்ஸ்பியோர்ட் என்றேன். அவருடைய தங்கை அந்தக் கரைப் பக்கம் மணமுடித்துப் போனவளாம். "இந்தப் பேச்சைத் திருடன் மெனக்கெட்டுப் படிக்கப் போவதில்லை" என்று சொல்லி, மற்றத் தொலைபேசியைப் பட்டென்று வைத்தார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான். பெரித் மட்டும் மாலையில் என்னைக் கூப்பிட்டு, நல்லதாக முடிந்தது, ஆனால் அது முறை அல்ல என்றார். குரலைக் கேட்டு ஓசே உங்களை நம்பினார், நாளைக்கு அதே போலப் பேசுகிற இன்னொருவரையும் நம்புவார், குரல் அத்தாட்சி இல்லை என்றார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் கடுமையாகப் பட்டது.

இனிச் சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்தது. அந்த மனிதருடைய பெயரை எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் கிராம சேவகராக இருந்தவர். இங்கே ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். ஆனாலும் தமிழ்ச் சனம், ஊரில் கிராம சேவகரைச் சொல்வதுபோல, அவரை விதானையார் என்றே அழைத்தது. நானும் அப்படியே சொல்கிறேன். எழுபத்தைந்தைத் தாண்டியவர். மனைவி பூமணி அக்கா (இது நான் வைத்த பெயர்) காலையில் கோவில் மடைப்பள்ளியில் உதவிக்குப் போய்விடுவார். மகள் ஸ்ட்ரோம்மன் பக்கம் குடும்பமாக இருக்கிறாள்.

ஒரு குளிர்காலக் காலை. விதானையாருடைய சேமிப்பு முழுவதும் தெரியாத ஒரு பெயருக்குக் கிளம்பியது. நிறுத்திவிட்டு அழைத்தேன். நொர்வேஜிய மொழியில் என் பெயரைச் சொன்னேன், வசனத்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு சொல்லாக அளந்து பதில் சொன்னார். பேரனுக்குக் கார் வாங்குகிறேன், என் பணம், என் விருப்பம் என்றார். பெயரும் உச்சரிப்பும் நம்மவர் என்று காட்டியதால் நான் தமிழுக்கு மாறினேன். ஐயா, வடிவாய்த் தமிழிலையே கதைப்பம் என்றேன்.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா."

தொலைபேசியை வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை.

பெரித்திடம் சொன்னேன். எந்த இடத்தில் வைத்தார் என்று கேட்டார். நான் தமிழ் என்று தெரிந்த இடத்தில் என்றேன். அவர் அதை யோசித்தார். இத்தனை வருடத்தில் தாய்மொழியைக் கேட்டதும் ஆறுதல் அடைந்தவர்களைத்தான் நாங்கள் கண்டிருந்தோம். கணக்கு முழுவதையும் பூட்டச் சொன்னார். பிறகு, அவர் நேரில் வருவார், கீழே போக வேண்டியிருக்கும், வெளியே போகவும் நேரலாம், மேலங்கியை எடுத்து வையுங்கள் என்றார். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் நகர மையக் கிளை இருந்தது.

விதானையார் வந்தார். நானும் பெரித்தும் கீழே போனோம். கழுத்துப்பட்டி கட்டி, கோட் போட்டு, தலையை மழமழவென்று வாரியிருந்தார். தன் பணத்தை விடும்படி முகப்பில் நின்ற பெண்ணிடம் மரியாதையாக, ஆனால் விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கோட்டின் மேற்பைக்குள் கைத்தொலைபேசி இருந்தது. நடுவில் இரண்டு தரம் அந்தப் பைக்கு மேலே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். பெரித் என்னைப் பார்த்தார். அழைப்புத் திறந்தபடியே இருக்கிறது, அந்தப் பக்கத்தில் இருப்பவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது.

சந்திப்பு அறைக்குள் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது, வெளியே பெட்டியில் வைத்துவிட்டு வாருங்கள், இது எங்கள் விதி என்றார் பெரித். அன்று காலைவரை அப்படி ஒரு விதி எங்கள் வங்கியில் இருக்கவில்லை. பிறகு அது எழுத்திலும் வந்தது. விதானையார் தயங்கினார். ஆனால் வாழ்நாள் முழுக்க விதிகளுக்கு மதிப்புக் கொடுத்த மனிதர். பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார்.

பெரித் அவருக்கு எதிரே இருக்கவில்லை, மேசையின் அதே பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்தார். நான் கதவோரம். பொலிஸ் என்று சொல்லிக் கதைத்துப் பணம் எடுக்கிற கதைகள் அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கு நிறைய வந்திருந்தன. பெரித் கார் பற்றிக் கேட்கவில்லை, பேரனைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் பொலிசுக்கு ஓர் உதவி செய்துகொண்டிருக்கலாம், அப்படியானால் அது என்ன என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை என்றார். விதானையாருடைய முகம் மாறியது. ஒன்று மட்டும் செய்யுங்கள் என்று பெரித் தொடர்ந்தார். பொலிஸ் நிலையம் நடந்து போகிற தூரம்தான். அங்கே முகப்பில் இருப்பவரிடம், இந்தப் பணத்தை விடச் சொல்லுகிறீர்களா என்று கேளுங்கள். அவர்கள் ஓம் என்றால் நான் உடனே விடுகிறேன்.

நிலையத்துக்குள்ளேயும் கள்ளர் இருக்கலாம் என்றார் விதானையார். இருக்கலாம்தான், முகப்பில் இருக்கிறவருமா என்றார் பெரித். அதற்குப் பிறகு பெரித் ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல நாக்குத் துருதுருத்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் விதானையார் திரும்பி என்னைப் பார்த்தார். அறைக்குள் வந்த பிறகு அவர் தமிழில் பேசியது அப்போதுதான். குரலில் கோபம் இல்லை. ஒரு வகை இரக்கம்தான் இருந்தது.

"பிள்ளை, அவை பிடிக்கப் போறது உங்களைத்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்.

"பாங்குக்குள்ளை ஒரு கள்ளக் கூட்டம் இருக்கு. பொலிசிலை இருந்து எனக்குச் சொன்னவை. என்ரை காசைப் பொலிசின்ரை கணக்குக்கு மாத்தேக்கை, அதை மறிக்க ஒரு ஆள் வரும், என்ரை பாசையிலை கதைச்சாலும் கதைக்கும் எண்டவை. நீங்கள் தமிழிலை கதைச்ச உடனை எனக்கு விளங்கிப் போச்சு. உங்களுக்கும் பிள்ளையள் இருக்கும். இப்பவே எல்லாத்தையும் ஒத்துக்கொள்ளுங்கோ."

பெரித்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக வங்கியில் வேலை செய்தவள் நான். என் பாசையே எனக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது. தொலைபேசியில் இருந்த அந்தத் திருடனுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று விதானையாரிடமே பேச்சோடு பேச்சாகக் கேட்டிருக்கிறான். மறிக்க வருகிறவர் எவரானாலும் அவரையே கள்ளராக்கிவிடும்படி எல்லா வாசலையும் முன்கூட்டியே அடைத்திருந்தான்.

அப்போது எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். யோசித்துச் சொன்னது அல்ல.

"அப்ப வாங்கோ ஐயா. நீங்களே என்னைக் கொண்டுபோய்ப் பொலிசிலை குடுங்கோ."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. என்னையும் பெரித்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழும்பிக் கோட்டின் பொத்தானைப் பூட்டினார். பெரித் என் மேலங்கியை எடுத்து நீட்டி, மெதுவாக நடவுங்கள், வெளியே வழுக்குகிறது என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் நானும் விதானையாரும் ஒஸ்லோவின் நடுவீதியில் நடந்தோம். நான் முன்னுக்கு, அவர் ஓரடி பின்னுக்கு. ஊரில் சந்தேக நபரை இப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பார் போலும். பேருந்துத் தரிப்பில் நின்ற எனக்குத் தெரிந்த ஒரு பெண், எங்கையக்கா போறியள் என்று கேட்டாள். ஒரு அலுவலாய்ப் போறன் என்றேன். பனி உருகித் திரும்பவும் உறைந்து கண்ணாடி போலக் கிடந்தது. ஒரு சரிவில் எனக்குக் கால் வழுக்கியது. அவர் சட்டென்று என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு திரும்பவும் பின்னால் போய்விட்டார்.

பாதி வழியில் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. புறப்படும்போது பெட்டியிலிருந்து அதை எடுத்து வந்திருந்தார். இலக்கத்தைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அவர்கள்தான் என்று எனக்குக் காட்டுவதுபோலத் தொலைபேசியை உயர்த்தினார். பிறகு நொர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் சொல்ல முயன்றபடி சொன்னார்.

"அந்த ஆளைப் பிடித்துவிட்டேன். உங்கள் நிலையத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீங்கள் வாசலுக்கு வாருங்கள்."

அந்தப் பக்கத்தில் அழைப்பு அறுந்தது.

அவர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். குளிரில் லைன் விட்டுப் போச்சு என்றார். திரும்ப அந்த இலக்கத்துக்கு எடுத்தார். பாவனையில் இல்லாத இலக்கம் என்று ஒரு பெண்குரல் சொன்னது. எனக்கே கேட்டது. இன்னொரு தரம் எடுத்தார். அதே குரல். கையுறையைப் போடாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். இப்போது நான் எதைச் சொன்னாலும் அது வெற்றி கொண்டாடியது போல இருக்கும் என்று பட்டது. நடந்தேன். அவரும் நடந்தார். ஆனால் இப்போது எனக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில்.

பொலிஸ் நிலைய முகப்பில் ஓர் இளம் அதிகாரி இருந்தாள். விதானையார் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். தன்னோடு கதைத்த அதிகாரியின் பெயரைச் சொன்னார். அவள் கணினியில் தேடிவிட்டு, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றாள். எழுத்துக்கூட்டிச் சொன்னார். திரும்பத் தேடினாள். இல்லை. அவள் சிரிக்கவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. உங்களிடம் பணம் தவிர வேறு ஏதாவது கேட்டார்களா என்று மட்டும் கேட்டாள்.

விதானையார் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் போய் இருந்தார். தமிழில், என்னைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நகையும் குடுத்திட்டன்."

தமிழர் வீடுகளைக் குறிவைத்து ஒரு கூட்டம் வருகிறது, நகைகளைப் பாதுகாப்பாக எடுத்து வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல கோட் போட்ட ஒரு பெண், பொலிஸ் அடையாள அட்டை போல ஒன்றைக் காட்டி, வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். மகள் சீதனமாய்ப் போட்டுக்கொண்டு போனது போக மீதியிருந்த காப்புகள், ஒரு அட்டியல், பூமணி அக்காவின் தாலிக்கொடி. குளிர்காலத்தில் கழுத்தை அறுக்கிறது என்று அவர் அதைக் கழற்றி அலுமாரியில் வைப்பது வழக்கமாம். எடுத்தது அவருக்குத் தெரியாது.

முறைப்பாடு எழுதி முடிய மத்தியானமாகிவிட்டது. சேமிப்பு ஒன்றும் போகவில்லை, எங்களிடம் பூட்டியபடியே இருந்தது. அதைச் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குள்ளே போனதாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும், பூமணிக்கு நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை என்று கேட்டார். வாடிக்கையாளருடைய விடயத்தை அவருடைய மனைவிக்கும் நான் சொல்லக் கூடாது, அது சட்டம் என்றேன். சட்டம் என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். பெரித்திடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். அதற்கு விதி ஏதும் இருக்கவில்லை. போங்கள், ஆனால் நீங்கள் பேச வேண்டாம் என்றார்.

நிலக்கீழ் ரயிலில் போனோம். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு தரம். ஊரில் பொலிஸ் ஜீப் வந்தால் முதலில் தன்னுடைய வீட்டு வாசலில்தான் நிற்கும் என்றார்.

பூமணி அக்கா கோவிலிலிருந்து வந்து புடவை மாற்றாமல் அடுப்படியில் நின்றார். கழுத்துப்பட்டியோடு கணவரும் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தியும் வந்து நின்றதும் அடுப்பை அணைத்தார். விதானையார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, தன்னை நல்லவராகக் காட்டவும் இல்லை. ஓர் அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது. தாலிக்கொடி என்ற இடத்தில் மட்டும் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. கழுத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எப்ப துடங்கினது?"

போன கிழமை என்றார் அவர்.

"போன கிழமையிலை இருந்து நான் போட்ட சோத்தைத் திண்டுகொண்டு, என்னோடை ஒரு வீட்டிலை இருந்துகொண்டு, வேறை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு இருந்திருக்கிறியள். கொடி போனாப் போகட்டும். என்னட்டை ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது எண்டவை என்றார் விதானையார்.

"நான் ஒருத்தரோ?"

எனக்கு எழும்பிப் போக வேண்டும் போல இருந்தது. பேச வேண்டாம் என்ற கட்டளை அப்போதுதான் எனக்கு உதவியது. கொஞ்ச நேரத்தில் அக்கா என் பக்கம் திரும்பி, தேத்தண்ணி குடிக்கிறியளோ தங்கச்சி என்று கேட்டார். குடித்தேன். அன்று அந்த வீட்டில் வேறு யாரும் எதுவும் சாப்பிடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

அடுத்த நாள் மகள் ஸ்ட்ரோம்மனிலிருந்து நேரே வங்கிக்கு வந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த, நல்ல வேலையில் இருக்கும் பெண். அப்பாவின் கணக்கு முழுவதையும் தன் பொறுப்புக்கு மாற்ற வேண்டும் என்றாள். அவளுடைய பயம் நியாயமானது. பெரித் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்பாவே கேட்டால் மாற்றுவோம் என்றார். அப்பா கேட்கவில்லை. கடைசியில் வேறு ஏற்பாடு செய்தோம். பெரிய தொகை எதுவானாலும் உடனே போகாது, ஒரு நாள் காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் பூமணி அக்காவுக்கும் செய்தி போகும். விதானையார் அதில் கையெழுத்து வைத்தார். அக்காவும் வைத்தார். இதுவரை வங்கிப் பக்கமே வராத நான் இனி இவருக்குக் காவலோ என்று அவர் கேட்டபோதுதான் அந்த மனிதர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்றைக் கண்டேன்.

நகை வாங்கிப் போன பெண்ணைச் சில மாதங்கள் கழித்துத் துரொண்ட்ஹெய்ம் நகரில் இன்னொரு வீட்டு வாசலில் வைத்துப் பிடித்தார்கள். தொலைபேசியில் கதைத்தவன் அகப்படவில்லை. அவன் எந்த நாட்டில் இருந்தான் என்றே தெரியாது. காப்புகள் கிடைத்தன. கொடி உருக்கப்பட்டுவிட்டது. பூமணி அக்கா இப்போது மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். மகள் புதிய கொடி செய்து தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். குளிருக்கு இதுதான் சுகம் என்கிறார்.

விதானையார் பல மாதங்கள் கோவிலுக்கு வரவில்லை. நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பொலிசும் சொல்லியிருக்காது. ஆனாலும் ஒஸ்லோத் தமிழருக்குள் இப்படியான செய்தி எப்படியோ நடந்து போய்விடும். சிலர் சிரித்தார்கள் என்றும் கேள்விப்பட்டேன். விதானையாரைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது.

பெரித் எனக்கு ஒரு வருடம் முந்தி ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர். நான் போனபோதும் அங்கேதான் இருந்தார். என்னுடைய கடைசி நாளில் கேக் வெட்டி, எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். அவர் பேசவில்லை. நான் இருந்த நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

இதைத் தமிழில் எழுதலாமா என்று கேட்க, போன மாதம் விதானையார் வீட்டுக்குப் போனேன். அவர்கள் வேண்டாம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அக்கா உடனே எழுதுங்கோ என்றார். விதானையார் ஜன்னல் பக்கம் திரும்பினார். உங்கள் உண்மைப் பெயர் எதுவும் வராது என்றேன். பெயரைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"எழுதுங்கோ. ஆனால் அவன் என்னை வெருட்டினவன் எண்டு எழுதிப் போடாதேங்கோ. கள்ளன் எண்டால் அதட்டுவான், வெருட்டுவான் எண்டுதான் எங்கடை ஆக்கள் நினைச்சுக்கொண்டு இருக்கினம். அவன் ஒரு நாளும் சத்தம் போட்டுக் கதைக்கேல்லை. காலமை எடுத்து, நித்திரை கொண்டனீங்களோ எண்டு கேட்பான். இனி என்ன செய்யலாம், உங்கடை அபிப்பிராயம் என்ன எண்டு கேட்பான். நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னட்டை ஒருத்தரும் அபிப்பிராயம் கேட்டதில்லை பிள்ளை. அதை எழுதுங்கோ."

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு அவற்றை மேசையில் வைத்துவிட்டு, விதானையாருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.